எட்டுப் பக்கத்துக்கு எட்டுப் பக்கம்

அன்புள்ள அம்மணிக்கு,

“மேளாவில் நடந்ததைப் பற்றி எழுதட்டுமா?” என்று போன வாரம் உனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். நீல டிக் உடனே விழுந்துவிட்டது. பதில் வர ஆறு மணி நேரம் ஆனது. “உங்களப் பத்தி எழுதிக்கங்கம்மா. என்னப் பத்தி வேண்டாம்.” அதற்குக் கீழே ஒரு கட்டை விரல். அந்தக் கட்டை விரலைத்தான் நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்மதமா, சலிப்பா, இல்லை “என்னமோ பண்ணிக்கங்க” என்று கையை உதறுவதா? பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். உங்கப்பாவிடம் காட்டினேன். “வெரலு மேலதான நிக்குது? கீழ நின்னாக் கவலப்படு” என்றார். முப்பது வருசமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனிதர். ஓடுகிறதா, ஓடவில்லையா, அவருக்கு உலகத்தில் இரண்டே நிலைதான்.

ஆகவே இது என்னைப் பற்றிய கடிதம். உன் பெயர் வராது, உன் வேலை வராது, நீ வாடகைக்கு இருக்கும் ஊரின் பெயர்கூட வராது. நீ வருகிற இடமெல்லாம் நான் அடித்த கூத்துக்குச் சாட்சியாக மட்டும்தான் வருவாய். எங்காவது வரம்பு தாண்டினால் பழக்கதோஷம் என்று எடுத்துக்கொள். இந்தப் பத்திரிகையின் இந்தக் கடைசிப் பக்கத்தை நான் எழுத ஆரம்பித்தபோது உனக்கு முன்பல் விழுந்திருந்தது. அந்தப் பல்லைப் பற்றித்தான் முதல் கட்டுரையே. அதற்குப் பிறகு உன் பேன் சீப்பு, உன் கணக்கு மார்க், நீ சைக்கிளோடு சாக்கடையில் இறங்கியது என்று மாதாமாதம் எனக்குப் படியளந்தவள் நீதான். எதிர் ஊட்டுச் சரோஜாவைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவாள். உங்கப்பாவைப் பற்றி எழுதினால் இரண்டு நாள் சோறு உண்ண மாட்டார். நீ மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாய். அதை நான் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். கட்டை விரலைக்கூட நம்பாதவள், அன்றைக்கு ஒரு பிள்ளையின் மௌனத்தை அப்படி நம்பியிருக்கிறேன்.

ஐந்து நாள் லீவில் நீ வந்தபோது இரண்டு பை கொண்டுவந்தாய். ஒன்று பஞ்சு மாதிரி, இன்னொன்று தூக்கவே முடியவில்லை. “என்ன கண்ணு, கல்லக் கட்டிட்டு வந்தயா?” என்றேன். “பேப்பருங்கம்மா” என்றாய். நீ குளிக்கப் போன நேரத்தில் ஜிப்பைத் திறந்துவிட்டேன். இது என் முதல் ஒப்புதல்; இன்னும் வரும். உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக. ஒன்றை உருவுவதற்குள் குழாயை மூடும் சத்தம் கேட்டது. ஜிப்பை இழுத்துவிட்டு, அந்தப் பக்கமாகத் துணி மடிப்பதுபோல் நின்றேன். மடிப்பதற்கு அங்கே துணியே இல்லை என்பதை நீ பார்த்தாய். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டாய்.

அன்று காலை டிபனுக்குத்தான் சொன்னாய்: “இங்க பீளமேட்டுலயே ஃப்ரெண்ட்ஸெல்லாம் சேந்து ரெண்டு நாள் மேளா போடறோமுங்க. நாங்களே எழுதி, வரஞ்சு, ஜெராக்ஸ் எடுத்த புக்கு. ‘ஜீன்’னு சொல்லுவாங்க. நீங்க வர வேண்டாங்கம்மா, போரடிக்கும்.” எனக்கு! கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டே மூன்று குடும்பத்துப் பழமை பேசி முடிக்கிற எனக்கு ஒரு இடம் போரடிக்குமாம். வர வேண்டாம் என்று சொன்ன இடங்களுக்கெல்லாம் போகாமல் இருந்திருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன். ஆனால் தோசையைப் புட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். எழுதுகிறவளின் மகள் எழுதுகிறாள் என்றால் யாரைப் பற்றி எழுதுவாள்? நான் பக்கத்தில் இருந்த ஆளைப் பற்றித்தான் எழுதினேன். உனக்குப் பக்கத்தில் இருந்த ஆள் நான்.

மேளாவின் முதல் நாள் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மத்தியானம், மேளா நடந்த அந்த மூடிப்போன மில்லின் பழைய குடோனுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீ, ஒரு தேங்காய் பன். நீ சாப்பிட வெளியே வரும்வரை தூண் மறைவில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். “ஏனுங்க்கா, யாரையாச்சும் தேடறீங்களா?” என்று டீ மாஸ்டர் கேட்டார். “இல்லீங், பல்லு வலி” என்றேன். ஐம்பத்துமூன்று வயதில் மகளை வேவு பார்க்கும் பெண் நாட்டில் நான் ஒருத்தி மட்டுமாக இருக்க மாட்டேன். ஆனால் வாயில் பன்னை வைத்துக்கொண்டு பல்வலி என்று சொன்னவள் நான் ஒருத்தி மட்டுமாகத்தான் இருப்பேன்.

நீ அந்தப் பக்கம் போனதும் உள்ளே நுழைந்தேன். நீ சொன்னது பொய் கண்ணு. எனக்குக் கொஞ்சமும் போரடிக்கவில்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தங்கள் தோட்டத்துக்கு வந்துபோகும் ஆனைகளுக்கு ஒரு புத்தகம் போட்டிருந்தாள். ஒவ்வோர் ஆனைக்கும் ஒரு பக்கம்: எந்த வேலியில் நுழைந்தது, எத்தனை தென்னங்கன்றைச் சாய்த்தது, வாழையைத் தொட்டதா, எதைக் கண்டு திரும்பியது. ஒரு ஆனைக்கு மட்டும், “இது எதுவும் தின்னல. தொட்டியில தண்ணி குடிச்சுட்டு, குழாயத் திறந்து உட்டுட்டுப் போயிருச்சு” என்று எழுதியிருந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு பேர் தங்கள் மெஸ் சாம்பாரைத் தினமும் விமர்சித்து எழுதியிருந்தார்கள். சந்தையில்கூடக் கேட்காத வசவெல்லாம் அதில் மரியாதையாக இருந்தது. கோட்டைமேட்டுப் பையன் ஒருவன் தையல்காரரான தன் அத்தாவின் அளவு நோட்டை அப்படியே வரைந்து வைத்திருந்தான். பத்து வருசமாகத் தைக்க வரும் ஒரு வாடிக்கையாளரின் இடுப்பளவு மட்டும், பக்கத்துக்குப் பக்கம், ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ இல்லாமல் ஏறிக்கொண்டே போனது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “அவரு கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேனுங்க” என்றான் அவன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டேன்.

உன் மேசையில் நீ இல்லை. பாதித் தலைக்கு நீலச் சாயம் அடித்த உன் சிநேகிதி இருந்தாள். உன் புத்தகத்தின் அட்டையில் கம்பி வைத்த பஸ் ஜன்னல், அதற்குக் கீழே ‘ஜன்னல் சீட்டு’ என்று உன் குண்டு எழுத்து. யார் பெயரும் இல்லை. எடுக்கப் போனேன்.

“ஆண்ட்டி, இது மட்டும் விலைக்கில்லீங்க. நீங்க ஒண்ணு செஞ்சு குடுத்துட்டு இத எடுத்துக்கலாம். நாங்க இப்பிடித்தான் மாத்திக்கிறது.”

“நா என்ன கண்ணு செய்யறது? வேணும்னா வடகம் போட்டுத் தாரேன்.”

“வடகம்னாலும் சரித்தானுங்க. ஆனா அத வரஞ்சு குடுக்கோணும்.”

நான் யாரென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புத்தகத்தைச் சும்மாவே நீட்டியிருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பக்கத்து பெஞ்சில் என்னை உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தாளை மூன்று முறை மடித்து, நடுவில் கத்தரித்து, பிதுக்கி, எட்டுப் பக்கப் புத்தகமாக்கிக் காட்டினாள். அவள் கையில் அது பூ மாதிரி விரிந்தது. என் கையில் பொட்டலம் மாதிரி ஆனது. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு, “எதப் பத்தி வேணா எழுதுங்க, உங்க மனசுல இருக்கறது” என்றாள். நீ எந்த நிமிசமும் வந்துவிடுவாய் என்ற பதற்றம் எனக்கு. அட்டையில் பார்த்த பஸ் ஜன்னல் வேறு கண்ணிலேயே நின்றது. கை தானாக ஓடியது. எனக்கு யோசிக்காமல் எழுத வரும் ஒரே ஒரு பஸ் கதை உண்டு. இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்: பன்னிரண்டு வயதில் வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி, கொடுமுடியில் இருக்கும் அத்தை ஊட்டுக்குப் போய்விட்ட மகள். நான் அதற்கு ‘ஒரு நாள் துறவி’ என்று பெயர் வைத்திருந்தேன். புத்தகப் பையில் இரண்டு செட் துணி, சீப்பு, கைக்கண்ணாடி, ஒரு டப்பா தேங்காய் பர்பியோடு உலகத்தைத் துறந்தவள். அத்தை சுட்ட மூன்று தோசையைத் தின்றுவிட்டு, “சட்னிக்கு உப்புக் கம்மிங்கத்தை” என்று அருள்வாக்குச் சொன்னவள். பதினைந்து வருசத்துக்குப் பின்னும் ஒரு சொல் மறக்காமல், பத்தே நிமிசத்தில் எட்டுப் பக்கத்தையும் நிரப்பிவிட்டேன். தோசைக்கும் சட்னிக்கும் படம்கூடப் போட்டேன். நீலமுடிப் பெண் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உன் மேசையில் வைத்துவிட்டு உன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

பைக் நிறுத்தியிருந்த இடத்தில், யாருடையதோ ஒரு ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்துதான் படித்தேன். முதலில் ஜன்னல். அடுத்த பக்கத்தில் புத்தகப் பை. உள்ளே நோட்டு எதுவும் இல்லை, துணி இருந்தது. மூன்றாவதில் கண்டக்டர் குனிந்து, “யாரு கூட வந்தே அம்மணி?” என்கிறார். “அம்மா பின்னாடி உக்காந்திருக்காங்க” என்கிறது பிள்ளை. அதற்கு அடுத்த பக்கம் முழுக்க, பின் சீட்டுகளை வரைந்திருந்தாய். எல்லாம் காலி. பிறகு காவிரி. பிறகு ஒரு பத்திரிகைப் பக்கம், அதைச் சுற்றிலும் வாய்கள், வெறும் வாய்கள், பல்லெல்லாம் தெரிய. ஏழாம் பக்கத்தில் கல்யாண மண்டபம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக நின்று, “அடுத்த பஸ் எப்ப அம்மணி?” என்கிறார்கள். எட்டாம் பக்கத்தில் படம் இல்லை. ஒரே வரி. “ஏன் போனேன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல.”

எழுந்தேன். முதலில் நினைவுக்கு வந்தது உன் வலி என்று சொல்ல ஆசைதான். பொய். உன் மேசையில் நான் வைத்துவிட்டு வந்த எட்டுப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. அதை எடுத்துவிட வேண்டும், நீ பார்ப்பதற்குள். செருப்பு ஒன்று கழன்றுபோனதுகூடத் தெரியாமல் உள்ளே ஓடினேன். நீ வந்துவிட்டிருந்தாய். நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாய். உன் சிநேகிதி, “செம காமெடிடீ, ஒரு ஆண்ட்டி எழுதுனாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? ஒற்றைச் செருப்போடு நிற்கும் என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியும். நீ அந்தத் தாளை மேசையில் விரித்து, நான் கோணலாக மடித்திருந்ததை நகத்தால் நீவிச் சரியாக மடித்தாய்.

“மடிப்புத் தப்பா இருக்குதுங்கம்மா. மூணாம் பக்கம் தலைகீழா வந்திருச்சு” என்றாய்.

“அப்பிடியா?” என்றேன்.

“சாப்டாச்சுங்களா?”

“பன்னு தின்னேன்.”

“செரிங்க” என்று சொல்லி அதை உன் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

நம்மூரில் கோபம் வந்தால் மரியாதை கூடும். அதற்குப் பிறகு நீ இருந்த இரண்டு நாளும் நம் வீட்டில் இருந்த மரியாதை எந்தக் கலெக்டர் ஆபீசிலும் இருந்திருக்காது. “காபி வேணுங்களாம்மா?” “போடுங்க கண்ணு, போடு.” “ஃபேன் வேகம் எச்சா இருக்குதுங்களா?” உங்கப்பாவுக்கே பயம் வந்துவிட்டது. “ரெண்டு பேரும் ஏதாச்சும் சொத்துப் பிரிக்கிறீங்களா?” என்றார். கேட்டுவிட வேண்டும் என்று மூன்று தடவை உன் அறை வாசலுக்கு வந்தேன். ஒரு தடவை, “கண்ணு, அன்னிக்கு…” என்று ஆரம்பித்து, “அன்னிக்கு வாங்குன மொளகாப்பொடி காரம் பத்தலயில்ல?” என்று முடித்தேன். ஊருக்குக் கிளம்பிய அன்று, ரயில் நடைமேடையில் கடைசி ஐந்து நிமிசம் நம் இரண்டு பேருக்கும் மட்டும் இருந்தது. உங்கப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நீ காத்துக்கொண்டிருந்தாய் என்பது இப்போது தெரிகிறது. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பஸ்ல போகாம ரயில்ல போறே, முன்னேத்தந்தான்.” வாயிலிருந்து விழுந்தபிறகுதான் என் காதில் விழுந்தது. “வாரேனுங்கம்மா” என்று சொல்லி ஏறிவிட்டாய்.

நீ ரயில் ஏறிப் போன பிறகு, அன்றைக்கு நீ கொடுமுடிக்குப் போன அந்த நாளைத் துருவிக்கொண்டே இருக்கிறேன். அன்று மத்தியானம் உங்கத்தை போன் செய்தாள்: “ஏனுங்கண்ணி, புள்ளயத் தனியாவா அனுப்பிச்சு வெச்சீங்க?” நானும் உங்கப்பாவும் பஸ் பிடித்து ஓடினோம். உங்கப்பா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. வழியெல்லாம் செத்துப் பிழைத்திருந்தேன். உன்னைக் கண்டதும் உயிர் வந்துவிட்டது, உயிர் வந்ததும் வாய் வந்துவிட்டது. எந்தப் பஸ், எந்த சீட்டு, கண்டக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், தோசை எத்தனை என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன். அம்மா இவ்வளவு கேட்கிறாளே என்று நீ நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டே வந்திருப்பாய். அடுத்த கேள்வி அதுவாக இருக்கும் என்று காத்திருப்பாய். நான் பேனாவை மூடிவிட்டேன்.

அதுதான் இப்போது என்னைத் தின்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு செட் துணி எடுத்துவைக்கிறது என்றால், திரும்பி வருவதாக இல்லை என்றுதானே? அந்த வருசம் என்ன நடந்தது? நாம் அப்போதுதான் பீளமேட்டுக்குக் குடிவந்திருந்தோம். புதுப் பள்ளிக்கூடம். அங்கே யாராவது ஏதாவது செய்தார்களா? கணக்கு ட்யூஷனுக்குப் போக மாட்டேன் என்று அந்த மாதம்தான் அடம் பிடித்தாய். அதையும் நான் நகைச்சுவையாக்கித்தான் போட்டேன். ட்யூஷனில் என்ன? இல்லை, நானும் உங்கப்பாவும் அப்போது போட்ட சண்டையா? பட்டறையை விற்பதா வைத்திருப்பதா என்று கதவை அறைந்து அறைந்து பேசினோமே, நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தோமே. ஒரு நாளைக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன். ஒவ்வொன்றும் முந்தைய நாளுடையதைவிட மோசமாக இருக்கிறது. கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். தண்டை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டிருப்பேன். சிரிப்பு மூட்டி எழுதுகிறவளுக்குக் கற்பனை அதிகம் என்பார்கள். அந்தக் கற்பனை இப்படி என் பக்கம் திரும்பி நின்று பார்த்ததில்லை.

இந்த மாதிரிக் கடிதத்தில் பெற்றவர்கள் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் உனக்கு என்ன சொல்ல? பெயர் போடாமல், விலை போடாமல், எட்டுப் பக்கத்தில் ஒருவரையும் கேலி செய்யாமல் எழுதிவிட்டாய். அந்த அளவு நோட்டுப் பையன் கேட்டுவிட்டுப் போட்டிருக்கிறான். எனக்கு இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட அது தோன்றவில்லை. எழுத்தில் நீங்களெல்லாம் எனக்கு மூத்தவர்கள். ஒன்று மட்டும், அம்மாவாகச் சொல்கிறேன்: என்னைப் போல வேடிக்கையாகப் பேசுகிற ஆள் யாராவது உனக்கு வாய்த்தால், அந்த ஆள் எப்போது சிரிப்பை நிறுத்துவார் என்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் போ. நிறுத்தவே தெரியாத ஆள் என்றால் கவனம். உங்கப்பாவைக் கேள், அனுபவஸ்தர்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே, எதற்கு ஊரறிய என்று அவரும் கேட்டார். உன்னை ஊரறியத்தான் சிரிக்கவைத்தேன், அதனால் கேட்பதையும் இதே பக்கத்தில் நின்று கேட்கிறேன். பதில் இங்கே வராது. வாசகர்கள் எவ்வளவு கடிதம் போட்டுக் கேட்டாலும், “அது எங்க ஊட்டுச் சங்கதிங்க” என்பதுதான் என் பதில். ‘ஒரு நாள் துறவி’யை என் தொகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். நீ பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். பதினைந்து வருசம் கழித்துக் கேட்கிறவளுக்கு உடனே சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சொல்வதானால், பாதியில் நான் ஏதாவது நையாண்டி செய்தால் போனை வைத்துவிடு. நான் திரும்பக் கூப்பிடுவேன். மறுபடி வைத்தாலும் கூப்பிடுவேன்.

எந்தப் பஸ், எத்தனை மணி, எத்தனை தோசை, ஒன்றும் வேண்டாம். அதெல்லாம் அன்றைக்கே கேட்டு எழுதிப்போட்டேன்.

ஏன் கண்ணு போனே?

அம்மா